கேப்டன் தோட்டத்தில் காய்க்காத பூசணி

நெவ்ஸாத்தைத் துருக்கியின் கடலோர ஊரான ஃபோச்சாவில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷர் வாழ்நாளில் ஒருநாள்கூடச் சுக்கான் பிடித்ததில்லை. இஸ்மிர் படகுகளின் எஞ்சின் அறையில் எண்ணெயும் கரியுமாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர், கல்யாணமும் ஆகாதவர். அறுபதைத் தாண்டியதும் அவரை இரண்டு பைத்தியங்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டன. ஒன்று பூசணிக் கொடி. மற்றொன்று பக்கத்து வீட்டுத் தையல்காரி, கணவரை இழந்த பெரிஹான்.

பெண் கேட்கப் போகிறவர் பூவும் சாக்லேட்டும் எடுத்துப் போவது அங்கே வழக்கம். இந்த வயதில் கடை ரோஜாவோடு போய் நிற்கக் கேப்டனுக்கு வெட்கம்.

"என் தோட்டத்துல முதல் காய் வரட்டும். அதை எடுத்துட்டுப் போய்க் கேட்கறேன்" என்று எதிர்வரிசை டீக்கடை ரூஹியிடம் சொல்லிவைத்தார். ரூஹியிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

வேலையில் அவர் குறை வைக்கவில்லை. மண் சூடேறட்டும் என்று மே மாதம் வரை பொறுத்தார். மக்கிய ஆட்டெருவைக் கலந்து மேடு கட்டினார். மேட்டுக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்ததில் கொழுத்ததை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிப் போட்டார். காலையில் இலை நனையாமல் வேரடியில் தண்ணீர், நத்தைக்குச் சுற்றிலும் சாம்பல். கொடி மதிலேறி பெரிஹான் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தது, வளர்த்தவரைப் போலவே.

ஜூனில் பூத்தது. பூசணிப்பூவில் அரிசியும் புதினாவும் அடைத்து வேகவைத்தால் அந்த ஊர்க்காரர்கள் சொத்தையே எழுதிக் கொடுப்பார்கள். வெயில் ஏறிப் பூ மூடுவதற்குள் பறித்துவிட வேண்டும். கேப்டன் விடிந்ததும் நீளக் காம்புப் பூக்களை ஒன்று விடாமல் பறித்து, தட்டில் வைத்து மதிலுக்கு மேலே பெரிஹானிடம் நீட்டுவார். அடியில் பிஞ்சு இருக்கும் பூவைத் தொடமாட்டார். காய் அதில்தானே வரவேண்டும்.

"பெரிஹான் ஹனும், இன்னிக்குப் பூ கொஞ்சம் சின்னது. கோச்சுக்காதீங்க." ஹனும் என்பது அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

"பூ சின்னதா இருந்தா என்ன, கேப்டன் முகம் நல்லாத்தானே மலர்ந்திருக்கு."

மத்தியானம் தட்டு நிறைய அடைத்த பூ திரும்பி வரும். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவாது.

காய்தான் வரவில்லை. பிஞ்சுகள் விரல் அளவுக்கு வந்து, மஞ்சளாகி, அழுகி விழுந்தன. எருவைக் கூட்டினார். தண்ணீரைக் குறைத்தார். திருஷ்டிக்கு நீலமணி வாங்கிக் கொடியில் கட்டினார்.

"நீங்க போய்க் கேட்கறதுக்குள்ள என் மீசை நரைச்சிடும் போல" என்றார் ரூஹி.

ஆகஸ்டில் இலைகளில் வெள்ளைச் சாம்பல் நோய் படர்ந்தது. கேப்டனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"நாளைக்குக் கொடியைப் பிடுங்கிடறேன், பெரிஹான் ஹனும். எனக்கு ராசியில்லை" என்றார். பெரிஹான் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் தெருக்கதவு தட்டப்பட்டது. பெரிஹான் நின்றிருந்தார், கையில் ஒற்றைப் பூசணிப்பூவோடு. எதிரே ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த ரூஹி பாதியில் நிறுத்திவிட்டார்.

பெரிஹான் நேரே தோட்டத்துக்குப் போய், பூவின் இதழ்களைப் பிய்த்துப் போட்டு, நடுவிலிருந்த மகரந்தக் குச்சியை விரிந்திருந்த பிஞ்சுப்பூவுக்குள் தடவினார்.

"இது ஆண்பூ. நீங்க தினம் பறிச்சுக் குடுத்ததெல்லாம் இதேதான். கொடியில ரெண்டு மூணாவது விடணும் கேப்டன். மாப்பிள்ளை அத்தனை பேரையும் அரிசி அடைச்சு வேகவெச்சா குழந்தை எப்படிப் பிறக்கும்?"

"தெரிஞ்சுமா சொல்லல?"

பெரிஹான் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா காலைல தட்டோட வரமாட்டீங்களோன்னு பயம். என் கொல்லைலயே ரெண்டு கொடி இருக்கு. பூவுக்கு எனக்கென்ன பஞ்சம்?"

தெருவிலிருந்து ரூஹியின் குரல் வந்தது: "பூவோட வந்தது அவங்க, கேப்டன். அப்ப காபி போட வேண்டியது நீங்கதான்."

அந்த ஊர் வழக்கப்படி பெண் கேட்டு வந்தவர்களுக்குப் பெண்தான் காபி போட வேண்டும். மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் குறும்பாக உப்பை அள்ளிப் போடுவாள். அவன் முகம் சுளிக்காமல் குடித்தால் அவன்மேல் நம்பிக்கை வரும். பெரிஹான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேப்டன் சமையலறைக்குள் ஓடி, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, பெரிஹானின் காபியில் ஒரு கரண்டி உப்பைக் குவித்துப் போட்டுக் கலக்கினார்.

பெரிஹான் ஒரு வாய் குடித்தார். கேப்டனை நிமிர்ந்து பார்த்தார். கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாயிருக்கு. இனிப்புதான் கொஞ்சம் தூக்கல்."