லெக்லேர் என்று ஒரு தமிழர்

டெக்சாஸில், ரவுண்ட் ராக் என்ற ஊரில், பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் கம்பெனி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தேன். ஒருவரை வேலைக்கு எடுப்பதற்கு முன், அவர் சொன்ன படிப்பும் அனுபவமும் நிஜமா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘கிளியர்’ என்றால் வேலை. ‘டிஸ்கிரெபன்சி’, அதாவது தகவல் ஒத்துவரவில்லை, என்று போட்டுவிட்டால் ஆள் காலி. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு கேஸைச் சொல்கிறேன்.

ஜோசப் லெக்லேர். புதுச்சேரியில் பிறந்து, அங்கேயே இன்ஜினியரிங் படித்தவர். போட்டோவில் என் சித்தப்பா மாதிரி இருந்தார். என் மேனேஜர் மூர்த்தி கோயம்புத்தூர்க்காரர். எட்டிப் பார்த்ததுமே முகம் மாறியது.

“வாசுகி, நம்மூர் மூஞ்சிக்கு ஃபிரெஞ்சுப் பேரா? எவனோட டிகிரியையோ வெச்சு வேலை வாங்கறாரு. ஃபிளாக் பண்ணிடுங்க.”

எனக்கும் உறுத்தியது. கல்லூரியில் விசாரித்தேன், சரி. பாஸ்போர்ட்டும் சரி. எல்லாம் இத்தனை சுத்தமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். நேராக ஜோசப்புக்கே போன் போட்டு, இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன்.

“இது வெரிஃபிகேஷனா மேடம், இல்ல வேற விசாரணையா?” என்றார்.

“வெரிஃபிகேஷன்தான் சார்.”

“சுகர் லேண்ட்ல வீட்டக் காலி பண்ணியாச்சு. பழைய வேலையும் விட்டாச்சு. அதனால சொல்றேன். எங்க தாத்தாவோட தாத்தா கப்பல் மூட்டை தூக்குனவரு. எழுதப் படிக்கத் தெரியாது. என்ன பேரு வேணும்னு ஆபீஸ்ல கேட்டப்ப, எழுதத் தெரிஞ்சவன் பேரா ஒண்ணு குடுங்கன்னாராம்.”

விஷயம் இதுதான். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது, சாதி வழக்கங்களின்படியான சட்டம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். பலர் பிரெஞ்சுப் பெயரையே எடுத்தார்கள். லெக்லேர் என்பது பிரான்சில் அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆளைக் குறித்த பெயர். நாளடைவில் அதுவே வம்சப் பெயராகிவிட்டது. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த ஒரு மனிதர் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

மூர்த்தியிடம் சொன்னேன்.

“ஓ, அப்படியா. அதுக்கு முன்னாடி என்ன ஆளுங்களாம்?”

“கிளையன்ட் அதக் கேக்கலையே மூர்த்தி.”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான். நீங்க தமிழ்லதானே பேசுனீங்க? நைசா கேட்டிருக்கலாமே.”

அப்போதுதான் என் சந்தேகம் ஜோசப்பை விட்டு இவர் மேல் திரும்பியது. டிகிரி எல்லாம் இவருக்கு ஒரு சாக்கு. ஒரு தமிழனின் பெயரைப் பார்த்தும் அவன் யாரென்று பிடிபடவில்லை என்பதுதான் இவரைக் குடைந்திருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘கிளியர்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

மூர்த்தி சிரித்தார். கோபமே இல்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆமா, உங்க பேருக்குப் பின்னால மாணிக்கம்னு இருக்கே, அப்பா பேரா? அவரு எந்தப் பக்கம்?”

நான் கற்றது இவ்வளவுதான். பெயரும் ஆளும் ஒன்றா என்று பாருங்கள், அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேலும் ஒருவர் தோண்டினால், நீங்கள் வெரிஃபை பண்ண வேண்டியது அவரைத்தான்.