டம்பரில் இருந்தவன் நானில்லை

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதைப் பார்த்துக்கூடச் சிரித்திருக்கிறேன். ஆனால் இது நடந்தது, நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஐம்பதுகளில் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஓர் அணைக்கட்டு வேலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சுவர், நடுவில் லாரி நுழையாது. அதற்காகவே மதராஸிலிருந்து குட்டி டம்பர் ஒன்று வந்தது. முன்னால் தொட்டி, பின்னால் டிரைவர் சீட்டு. தொட்டியில் ஜல்லியைக் குவித்துவிட்டால் உட்கார்ந்திருப்பவனுக்கு வழி தெரியாது, அதனால் ஓர் ஆள் 'வா, வா' என்று குரல் கொடுத்தபடி வண்டிக்கு முன்னால் நடப்பான். அங்கே அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

அன்று சாயங்காலம், வெளிச்சம் நன்றாகவே இருந்தது, முன்னால் நடக்கிறவன் டீ குடிக்கப் போயிருந்தான், அவன் வரட்டும் என்று மேஸ்திரி சொல்லியும் கேட்காமல் நான் வண்டியை இறக்கத்தில் விட்டேன். பாதி வழியில் பிரேக் பிடிக்கவில்லை. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், சும்மா உள்ளே போகிறது. கீழே சுவரோரம் ஒரு பெண் குனிந்து ஜல்லி அள்ளிக்கொண்டிருப்பாள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குதித்துவிட்டேன். ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை. முள்ளுச்செடியில் விழுந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

டமாரென்று சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், வண்டி பாறைப் பக்கம் திரும்பி முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நடுங்குகிறாள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஏதோ கல் தட்டித் திரும்பியிருக்கும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மேஸ்திரி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"எழுந்து நின்னு ஸ்டியரிங்க ஒடிச்சியே, பாத்துக்கிட்டுத்தான்டா இருந்தேன். ஒரு உசுரக் காப்பாத்திட்ட!"

"இல்ல மேஸ்திரி, நான்..." என்று இழுத்தேன். பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தோம் பார்த்தோம் என்றார்கள். என் முழங்கால் முழுக்க முள்ளும் ரத்தமும், அது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் வண்டிக்குப் பூஜை போட்டு, வண்டிக்கு வாங்கிய மாலையை எனக்குப் போட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க மட்டும் சத்தம் போடலன்னா நான் நிமிந்தே பாத்திருக்க மாட்டேண்ணா. 'லட்சுமக்கா, தள்ளிக்கோ'ன்னு எவ்வளவு பதறிக் கூப்பிட்டீங்க!"

நான் தலையை ஆட்டிவைத்தேன். மாதக்கணக்கில் அவள் பக்கத்தில் வண்டி ஓட்டியிருக்கிறேன், 'ஏ பொம்பள, ஒதுங்கு' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அவள் பெயர் லட்சுமக்கா என்பதே அவள் வாயால் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்.