அப்பா சொல்லாத ஊர்

ஐப்பசி மழையில் திருநின்றவூர் ஏரி நிரம்பிவிட்டால், எங்கள் தெருவில் பச்சை மீன் வாடையும் நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாடையும் கலந்து மூக்கிலேயே தங்கிவிடும். நான் ஆறாம் வகுப்பு படித்த அந்த மழைக்காலத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த 'காலனி'யிலிருந்து கன்னியம்மா கூடையில் கெண்டையும் விராலும் கொண்டுவந்து விற்பாள். அந்தத் தெருவில் அம்மா மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள் அவள்தான். ஆனால் அவள் தண்ணீர் கேட்டால் அம்மா சொம்பைக் கையில் கொடுக்கமாட்டாள்; உயரத் தூக்கி ஊற்றுவாள், கன்னியம்மா இரண்டு கைகளையும் குவித்துக் குடிப்பாள்.

அப்பா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் மெஷின் ஓட்டினார். சொந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் 'திண்டிவனம் பக்கம்' என்று சொல்லவேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. உண்மையான ஊர் வெகு தெற்கே இருந்தது. "நம்ம ஊர்ல பொறந்தவன் எல்லாம் திருடன்னு வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். அவன் போயிட்டான், பேரு போகல" என்று அம்மா ஒரே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

அந்த மழையில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் கிணற்று மோட்டார் திருட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விசாரிக்க வந்த போலீஸ்காரர் தெற்கே வேலை பார்த்தவர். அப்பாவின் பேச்சிலிருந்த இழுவையைப் பிடித்துக்கொண்டு கிளறிக் கிளறிக் கேட்டதில், அப்பாவின் வாயிலிருந்து ஊர்ப்பெயர் வந்துவிட்டது. "அடடே, 'கேடி'ங்க ஊரு! ஏறுய்யா வண்டியில" என்றார் அவர். அதுவரை எங்களோடு சிரித்துப் பேசிய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கூடையை எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு அம்மாவோடு ஸ்டேஷனுக்கு நடந்தவள் கன்னியம்மா ஒருத்திதான். நானும் கூடப் போனேன். பொழுது சாயும்வரை வராந்தாவில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டுக்கொண்ட அவள், உள்ளே போய்வந்த ஒவ்வொருவரையும் மறித்து, "கம்பெனியே கதின்னு கீற ஆளு சார் அது. வெள்ளக்காரன் போயி எம்மா காலமாச்சு, அவன் சொன்னத இன்னும் புட்சினு தொங்கறீங்களே!" என்று கேட்டாள். கடைசியில் கன்னம் வீங்கிய அப்பாவை வெளியே விட்டார்கள். மோட்டார் கிடைக்கவே இல்லை.

மறுநாள் வீட்டுக்காரர் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லீங்க. மத்த குடித்தனக்காரங்க பயப்படுறாங்க. வேற வீடு பாத்துக்கங்க."

அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் கன்னியம்மா, "இன்னாத்துக்கு அழுவுற? எங்க தெருவுல ஒரு ஊடு காலியா கீது. யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க, வந்துடு" என்றாள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்ன இருந்தாலும் காலனியில வந்து இருக்க முடியுமா கன்னியம்மா? எங்க சனம் என்ன சொல்லும்?"

அப்பாவாவது எதையாவது சொல்வார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கன்னியம்மா கோபப்படவில்லை, சும்மாட்டைச் சரிசெய்து கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "சரிதாம்மா. நேத்து ஸ்டேஷனாண்ட நான் உன் பக்கத்துல குந்திகினு இருந்தப்போ உன் சனம் எங்க போச்சு?" என்றாள். அதன்பிறகு அவள் எங்கள் தெருவுக்கு வரவேயில்லை.

நாங்கள் காட்டுப்பாக்கத்துக்கு மாறினோம். சொல்வதற்கு வேறொரு ஊர்ப்பெயரையும் அப்பா தேடிக்கொண்டார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கன்னியம்மாவைத் தேடி ஒருமுறை போனேன். ஏரிக்கரை ஓரமெல்லாம் மனைகளாகி, காலனியின் பழைய வரிசை வீடுகள் இருந்த இடத்தில் மாடி வீடுகள் நின்றன. அவளை யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டம் இருந்ததே கூட இன்றைக்கு யாருக்கும் தெரியாது. போன மாதம் அப்பாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப் போனேன். விரல் வைக்கும் மெஷின் முன்னால் அவர் கையை மடக்கிக்கொண்டு நின்றார். நான்தான் பிரித்து வைத்தேன். எந்த விரலையும் மெஷின் ஏற்கவில்லை. "தகடு புடிச்ச கையா தாத்தா? ரேகையே தேஞ்சிபோச்சு, கண்ணக் காட்டுங்க" என்றாள் கடைப்பெண்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றபோது, நான் கேட்காமலே அப்பா சொன்னார்: "எங்கப்பாவுக்கு மீசை மொளச்சதும் வெள்ளைக்காரன் சட்டத்துல பத்து விரலையும் மையில உருட்டி எடுத்துட்டாங்கம்மா. திருடல, ஒண்ணும் செய்யல. பொழுது சாஞ்சா போலீஸ் ஸ்டேஷன்லதான் போய்ப் படுக்கணும். கல்யாணத்தன்னிக்கும் அங்கதான் படுத்தாரு." பிறகு, என்னிடம் முதல்முறையாக, தன் ஊரின் பெயரைச் சொன்னார்.

சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அரிசிப் பையோடு எங்களைக் கடந்துபோனவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யார் காதுலயும் விழலையே?" என்றார்.