ரெக்ஸ்டேலிலிருந்து பழைய மாணவர் சங்கத்துக்கு

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, பெப்ரவரி, ஞாயிறு காலை 10.20. கூட்டம் இரண்டு மணிக்குத்தான். நான் அப்போதே கிப்ளிங் தெரு பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். பஸ் வராவிட்டால், ரயில் நின்றுவிட்டால், கட்டடம் பிடிபடாவிட்டால் என்று ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கூட்டி வைத்துப் புறப்படுகிற ஆள் நான்.

எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு, நகரின் மறுகோடியான ஸ்காபரோவில் பழைய மாணவர் சங்கம் தொடங்குகிறார்கள் என்ற அறிவித்தலைத் தமிழ்க் கடைக் கதவில் கண்டது என் மனைவி. ரெக்ஸ்டேலில் எங்கள் ஊரவர் நாங்கள் இருவர்தான். ஏப்ரலில் குழந்தை. "பிள்ளை பிறந்தா வந்து பாக்க எங்களுக்கு ஆர் இருக்கினம்? போய்ச் சேர்ந்திட்டு வாங்கோ" என்றாள். எங்கள் வீட்டில் உட்கார இருந்தவை இரண்டு கதிரைகள். மூன்றாவதுக்கு வேலை வந்ததில்லை.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. நான் வழியெல்லாம் அதையேதான் நினைத்தேன்.

10.45. பஸ்ஸில் இரண்டு டாலர் தாளைப் போட்டு, மாறிப் போவதற்கான துண்டுச் சீட்டை வாங்கினேன். கை வியர்த்து அதன் மை அழிந்துவிடுமோ என்று சட்டைப் பைக்கும் கோட்டுப் பைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன். கிப்ளிங் நிலையத்தில் நிலக்கீழ் ரயில். மேற்கு அந்தத்தில் ஏறி, கிழக்கு அந்தமான கென்னடியில் இறங்க ஐம்பது நிமிடம். இருக்கை காலியாக இருந்தும் பாதி வழி நின்றபடிதான் போனேன்.

12.30. கென்னடி நிலையத்து பஸ் வரிசையில் ஒரு அக்கா பெரிய அலுமினியத் தட்டோடு நின்றார். பொரித்த ரோல்ஸ் வாசம். எங்கே என்று கேட்டேன், அதே கூட்டத்துக்குத்தான் போகிறார். தட்டின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, நீர் எந்த பட்ச்?"

"எண்பது" என்றேன். நான் தொடர்ந்து படித்திருந்தால் சோதனை எடுத்திருக்கக்கூடிய ஆண்டு அது. அவர் அடுத்ததைக் கேட்பதற்கு முன், எந்தத் தரிப்பில் இறங்குவது என்று நான் கேட்டேன்.

2.00. கென்னடி வீதி மாடிக் கட்டடம் ஒன்றின் பார்ட்டி ரூம். பனி கொட்டியதால் என்னோடு பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் பரமேசண்ணை. சங்க விதிகள் அடங்கிய யாப்பை வாசித்தார். மூன்றாவது விதி: சாதாரண தரம், அதாவது பத்தாம் வகுப்புச் சோதனை வரை படித்தவர்களே அங்கத்தவராகலாம். இல்லாவிட்டால் கண்டவர்களும் சேர்ந்து, பிறகு தேர்தல், அடிபிடி என்று வந்துவிடும் என்றார். ஆட்சேபனை உண்டா என்று கேட்டார்.

நான் இரண்டு தரம் எழும்பி இரண்டு தரம் இருந்தேன். மூன்றாம் தரம் வாய் திறந்துவிட்டது. "அண்ணை, நான் ஏழாம் வகுப்போட நிண்டிட்டன். லொறியில வேலைக்குப் போனனான்."

"பஸ்ஸில எண்பது எண்டீர்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

கை உயர்த்திப் பார்ப்போம் என்றார் பரமேசண்ணை. விதி வேண்டும் என்று முதலில் உயர்ந்தது அவருடைய கைதான். ஐந்து பேர். வேண்டாம் என்று அக்காவோடு ஐந்து பேர். மிச்சம் நான். அங்கத்தவர் அல்லாதவர் வாக்களிக்க முடியாது என்றார் அவர்.

அக்கா தட்டின் மூடியைத் திறந்தபடியே சொன்னார்: "இப்ப இஞ்ச ஆர் அங்கத்தவர்? சங்கமே இன்னும் பிறக்கேல்லை, பரமேசு. நீரும் வெளியாள்தான். தம்பி, கையைத் தூக்கும்."

தூக்கினேன். ஆறுக்கு ஐந்து. அங்கத்தவர் படிவத்தில் என் பெயரையும் ரெக்ஸ்டேல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.10. வெளியே பஸ் தரிப்பிடத்தில் ஒரு கார் வந்து நின்றது. பரமேசண்ணை. "ரெக்ஸ்டேல் எண்டு எழுதியிருக்கிறீர். இந்தக் குளிருக்க உவ்வளவு தூரம் பஸ்ஸிலயோ? ஏறும்."

போகும்போது இரண்டரை மணி நேரம் பிடித்த பயணம், பனி அள்ளியிருந்த 401 நெடுஞ்சாலையில் முப்பது நிமிடத்தில் முடிந்தது. அவர் விதியைப் பற்றிப் பேசவில்லை. மனைவி பிள்ளைத்தாய்ச்சி, வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். இருக்கைப் பட்டியை இழுப்பதும் விடுவதுமாக இருந்தேன். சிறிது தூரம் போய், பிள்ளை எப்போது என்று கேட்டார். ஏப்ரல் என்றேன்.

எங்கள் கட்டடத்து வாசலில், வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ என்று மரியாதைக்குத்தான் கேட்டேன். அவர் உண்மையாகவே காரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

மின்தூக்கியில் ஒன்பதாம் மாடி வரும் வரை எனக்கு ஒரே யோசனை. அவருக்கு ஒரு கதிரை. மனைவிக்கு ஒன்று, அவளால் அதிக நேரம் நிற்க முடியாது. நான் குசினி அடுப்போரம் நின்று தேத்தண்ணி குடிப்பதைக் கண்டால் அவர் என்ன நினைப்பார்?