வெள்ளிக்கிழமை நூடுல்ஸ்

தட்டு திரும்பி வந்தது. இரண்டு வாய்தான் குறைந்திருந்தது.

"ஆறாம் மேசை. ருசி இல்லையாம்," என்று மாலி ஆங்கிலத்தில் சொன்னாள். தாய்லாந்துக்காரி, கடை அவளுடையது. "இன்றைக்கு என்ன செய்தாய்?"

ஜெயமலர் வாணலியைத் தேய்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். அடுப்புக்கு வலப்புறம் நிற்கும் ஃபிஷ் சாஸ் பாட்டிலை அவள் இன்று தொடவில்லை. சோயாவும் உப்பும் எலுமிச்சையும் போட்டு ஒப்பேற்றியிருந்தாள்.

சுன்னாகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கணவன் பஞ்சலிங்கத்தோடு டெக்சாஸ் வந்து சேர்ந்தாள். இர்விங்கின் இந்தத் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருஷமாக வேலை. அவளுடைய கிரீன் கார்டு காகிதங்கள் கையெழுத்துக்காக மாலியின் மேசை இழுப்பறையில் கிடந்தன.

ஆறாம் மேசையில் வெங்கடகிருஷ்ணனும் மனைவி மீனாக்ஷியும். சென்னைக்காரர்கள், சுத்த சைவம். எட்டு மாதமாக வெள்ளி தவறாமல் வருகிறார்கள். "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். மாலி தலையாட்டுவாள். மீன் துண்டு விழுந்தால்தானே மீன்? பாட்டிலில் இருப்பது அவளுக்கு உப்பு. முதல் வெள்ளியே ஜெயமலர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வெள்ளி சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

போன வாரம் மீனாக்ஷி, ஞாயிற்றுக்கிழமை கொலுவுக்கு வரும் அறுபது பேருக்கு நூடுல்ஸ் ஆர்டர் கொடுத்தாள். "நீ உள்ள இருக்கேங்கற தைரியம்தான் ஜெயா," என்றாள். அன்றிலிருந்து ஜெயமலருக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குச் சாஸ் இல்லாமல் கொடுத்துப் பார்ப்பது. பிடித்துப்போனால் ஞாயிறும் அப்படியே செய்துவிடுவது. பழையது யாருக்கும் தெரியவே வேண்டாம். அதுதான் திட்டம்.

மாலி ஒரு வாய் தின்று பார்த்தாள். பிறகு பாட்டிலைப் பார்த்தாள்.

"இதைப் போடவில்லையா?"

"அவர்கள் மீன் சாப்பிட மாட்டார்கள்."

"எட்டு மாதமாகச் சாப்பிட்டார்களே. ருசித்துச் சாப்பிட்டார்களே!"

மாலியே வாணலியை ஏற்றினாள். பாட்டிலைக் கவிழ்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள். புகை மூக்கில் ஏறியது. புதுத் தட்டை ஜெயமலர் கையில் வைத்தாள்.

"நீயே கொண்டு போ. உன் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் போனால் திங்கட்கிழமை நீ வர வேண்டாம்."

வெங்கடகிருஷ்ணன் முதல் வாயிலேயே கண்ணை மூடினார். "இதுன்னா நூடுல்ஸ்! முன்னாடி வந்தது ஹாஸ்பிடல் கஞ்சி."

"ஏண்டியம்மா ஜெயா, எங்க நாக்க டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?" மீனாக்ஷி சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியை இழுத்தாள். "உக்காரு. எங்களோட ரெண்டு வாய் சாப்பிடு. வெள்ளிக்கிழமைன்னா ஆத்துலேருந்து டப்பா கொண்டுவந்து தனியா திங்கற. பாத்துண்டுதான் இருக்கேன்."

"வேண்டாம் அக்கா."

"ஏன், எங்களோட சாப்பிட்டா கொறைஞ்சு போயிடுவியா?" சின்னத் தட்டில் கொஞ்சம் போட்டு நீட்டினாள்.

சமையலறை வாசலில் மாலி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தட்டு நீட்டியபடியே இருந்தது.

"இண்டைக்கு வெள்ளி, அக்கா. வெள்ளியிலை நான் மீன் சாப்பிடுறேல்லை."

"இதுல எங்கடி மீன்?"

"சோஸிலை. மீனை உப்பிலை ஊற வைச்சு எடுக்கிறது. முதல் நாளிலையிருந்து போடுறவை. இண்டைக்கு நான் போடாமல் தந்தன். நீங்கள் திருப்பி அனுப்பிப் போட்டியள்."

வெங்கடகிருஷ்ணன் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். மீனாக்ஷி தட்டைக் கீழே வைத்தாள்.

"எட்டு மாசமா உனக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா."

இருவரும் எழுந்து போனார்கள். ஜெயமலர் மேசையைத் துடைத்தாள். மாலி அவளுக்கு வழிவிட்டாள்.

மறுநாள் ஜெயமலர் பத்து மணிக்கு வேலைக்கு வந்தாள். மாலி போகச் சொல்லவில்லை. ஜெயமலர் பயறு முளை கழுவினாள், வெங்காயத்தாள் நறுக்கினாள். பதினொன்றரைக்கு மீனாக்ஷி வந்தாள். விலைச்சீட்டு கிழிக்காத பெரிய வாணலி ஒன்று, கரண்டி ஒன்று, மூடி திறக்காத சோயா சாஸ் பாட்டில்கள் இரண்டு கொண்டுவந்திருந்தாள். நாளைக்கு இந்தப் பாத்திரத்தில் இந்தப் பெண் மட்டும்தான் சமைக்க வேண்டும் என்று மாலியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். ஜெயமலரைப் பார்க்கவில்லை. வெளியே வெங்கடகிருஷ்ணன் காரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். மாலி சரி என்றாள். வாணலியை அடுப்புக்கு இடப்புறம் வைத்தாள். மதியம் இருபத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு ஜெயமலர் சோறு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு புது வாணலியைக் கழுவி, எண்ணெய் தடவி, தனியாகக் கவிழ்த்து வைத்தாள். கிரீன் கார்டு காகிதங்கள் இன்னும் கையெழுத்தாகாமல் மாலியின் இழுப்பறையில் இருந்தன.