இளவரசர் வருகிறார், புகை கூடாது

என் நூடுல்ஸ் கடையில் ரேடியோ வாங்கி வைத்ததுதான் நான் செய்த முட்டாள்தனம். செய்தி முடிந்தால் போதும், ஆளுக்கு ஆள் மந்திரியாகிவிடுகிறார்கள். அன்றைக்கு ஏதோ ஒரு தேசத்து ராஜா வீட்டுப் பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டார்கள்.

"அப்படித்தான்யா இருக்கணும்! ராஜா வீட்டுப் புள்ளையும் நம்ம புள்ளையோட சேத்துல நின்னாத்தான் சண்டைன்னா என்னன்னு தெரியும்," என்றான் மீன்கடை காமதா.

"நீ எந்தச் சண்டைக்குப் போன? மீன் செதில் சொரண்டத்தானே போன," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அடுப்படியில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த என் கடைச் சமையல்காரன் தொராஜி மட்டும் தலையைத் தூக்கவில்லை. மூலையில் அவன் அம்மா தோமி, மகன் போட்ட நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தினமும் மதியம் வருவாள். மகன் கையால்தான் சாப்பிடுவாள், ஆனால் அவனைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாள்.

தொராஜியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அன்று மதியம் நடந்தது புரியும்.

எங்கள் ஊர் ஜப்பானில், அகிதா மலைப்பக்கம். குளிர்காலத்தில் பனி கூரைவரை ஏறிவிடும். மரம் வெட்டப் போன தொராஜியின் அப்பன் மரத்துக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தான். தோமி ஊரார் வயலில் கூலிக்குப் போய் இரண்டு பையன்களை வளர்த்தாள். மூத்தவன் தொராஜி, இளையவன் மொஹெய். பாசமெல்லாம் இளையவன் மேல்தான், அதை அவள் ஒளித்ததும் இல்லை. மொஹெய்க்கும் பட்டாளத்து ஆணை வந்தபோது, ஏற்கெனவே பட்டாளத்தில் சமையல்காரனாக இருந்து விடுப்பில் வந்திருந்த தொராஜியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தம்பிய நீதான்டா பாத்துக்கணும். அவன விட்டுட்டு வந்து என் முன்னால நிக்காத."

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே படைப்பிரிவு. நானும் அதே பிரிவில், தொராஜிக்குக் கீழே அரிசி கழுவுகிற வேலை. வட சீனாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில் இருந்தோம். எங்களைக் கொன்றது எதிரி இல்லை, சீதபேதி. மொஹெய்க்கும் பிடித்தது. தொராஜி அவனைச் சமையல் அடுப்புக்குப் பின்னால் படுக்க வைத்து, சோறு வடித்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். பையன் தேறி வந்தான். கன்னத்தில் சிவப்புக்கூட எட்டிப் பார்த்தது.

அந்த நேரத்தில்தான் அந்த உத்தரவு வந்தது. இளவரசர் வருகிறார். அந்தக் காலத்தில் அரச வீட்டு ஆண்பிள்ளை என்றால் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தே தீர வேண்டும், சட்டம் அப்படி. இவரும் எங்கேயோ தலைமையகத்தில் அதிகாரி. சாதாரணச் சிப்பாயோடு ஒரே பானையில் சாப்பிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டதாம். நல்ல மனசு! அந்த நல்ல மனசு நாசமாய்ப் போக!

முதலில் ஊர்க்காரச் சீனர்களை வீட்டோடு காலி செய்தோம். பிள்ளை குட்டிகளோடு பனியில் விரட்டினோம். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு தெருவெல்லாம் சுண்ணாம்பு தூவினோம். அடுத்து, முகாமில் இருக்கிற ஒவ்வொருவனும் தீப்பெட்டியைக் காலி செய்து, அதில் தன் மலத்தை வைத்து, பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். கிருமி இருக்கிறவனெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பாழடைந்த செங்கல் சூளைக்கு. வைத்தியர் அங்கே போக மாட்டார், அவர் இளவரசர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அந்தக் குளிரில் சூளை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, எனக்குத்தான் நின்னு போச்சே. என்னோடதையே குடுத்துடலாம்ணே," என்றான் மொஹெய்.

"வாய மூடு. நின்னா மட்டும் கிருமி போயிடுமா?" என்றான் தொராஜி. அவனுக்கு ஒரு நாள்கூட வயிறு வலித்ததில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. கக்கூசுக்குப் போய் இரண்டு தீப்பெட்டியையும் தானே நிரப்பிக்கொண்டு வந்தான். ஒன்றில் தன் பேர், ஒன்றில் தம்பி பேர்.

"உன் சரக்குக்கு இவ்வளவு மரியாதையாடா," என்று நான் கேலி செய்தேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்ததில்லை.

பெட்டிகள் லாரியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் முடிவு வந்தது. சார்ஜெண்ட் இகரி பேர்களைக் கத்தினான். தொராஜி. மொஹெய். இரண்டு பெட்டியிலும் கிருமி. சில பேர் உடம்பில் கிருமி குடியிருக்கும், ஆளை ஒன்றும் செய்யாது என்று வைத்தியர் சொன்னார்.

இகரி சமையல் கரண்டியாலேயே தொராஜியை அடித்தான். "சமையல்கார நாயே! இளவரசருக்கு விஷம் வைக்கப் பாத்தியாடா?"

தொராஜி வாயில் ரத்தத்தோடு மண்டியிட்டு உண்மையைச் சொல்லிவிட்டான். "ஐயா, ரெண்டு பெட்டியும் என்னோடதுதான். தம்பிக்கு ஒண்ணும் இல்ல. அவனுக்கு மட்டும் இன்னொரு தடவ பாருங்க ஐயா, கும்புடுறேன்."

"இன்னொரு தடவயா? நாளைக்கு மறுநாள் இளவரசர் வர்றாரு. அவர நிக்கச் சொல்லவா, உன் தம்பி பேண்டு முடிக்கிறவரைக்கும்?" என்றான் இகரி. இன்னும் நாலு அடி விழுந்தது. இரண்டு பேரையும் சூளைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

முதல் நாள் சமாளித்துவிட்டார்கள். உடைந்த கதவு, வைக்கோல், எது கிடைத்ததோ அதை எரித்தார்கள். நான் உறைந்த ஆற்றின் மேல் நடந்து போய்க் கஞ்சிக் கேனை எல்லையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் புது உத்தரவு: இளவரசர் வந்து போகும்வரை சுற்று வட்டாரத்தில் எங்கேயும் புகை எழக் கூடாது. புகையைப் பார்த்து எதிரி வந்துவிடுவானாம். சமையல்கூட விடியுமுன் முடித்துவிட வேண்டும்.

சூளையில் நடந்ததைத் தொராஜி ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னான். புகை கூடாது என்ற அன்று ராத்திரியே மொஹெய்க்குப் பல் கிட்டிவிட்டது. "அண்ணே, கொஞ்சமா மூட்டுண்ணே. கைய மட்டும் காட்டிக்கிறேன்." தொராஜியின் பையில் அந்தத் தீப்பெட்டிகளில் இருந்து கொட்டிய குச்சிகள் இருந்தன. வெளியே காவலுக்கு நின்றவன் எங்கள் ஊர்க்காரன்தான். அழுதுகொண்டே கத்தினானாம்: "தொராஜி அண்ணே, வேண்டாம்ணே! புகை வந்தா சுடச் சொல்லியிருக்காங்க. சுடலன்னா என்னைச் சுட்டுருவாங்க." தொராஜி தம்பியைச் சட்டைக்குள் இழுத்துப் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் மொஹெய் கேட்டானாம், "இளவரசர் சாப்பிட்டாராண்ணே?" அப்புறம் பேசவில்லை.

அங்கே எங்கள் முகாமில் இளவரசர் சாப்பிட்டார். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் பார்த்தது பூட்ஸைத்தான். நல்ல பூட்ஸ். தலைமையகத்துச் சமையல்காரர்கள் தலைமையகத்து அரிசியில், தலைமையகத்து மீன் போட்டுச் செய்த சோறு. எங்கள் பானையில் மாற்றி வைத்திருந்தார்கள். ஒரு வாய் எடுத்தார். "தினமும் இவ்வளவு ருசியாகவா சாப்பிடுகிறீர்கள்? பொறாமையாக இருக்கிறது," என்றார். நாங்கள் தொண்டை கிழியக் கோஷம் போட்டோம். ஆளுக்கு ஒரு சிகரெட் கொடுத்தார்கள், அரசகுலத்துச் செவ்வந்திப் பூ முத்திரை போட்டது. பூட்ஸ் காரில் ஏறிப் போய்விட்டது.

மொஹெயை உடனே எரிக்கக்கூட விடவில்லை. கார்கள் மலையைத் தாண்டும்வரை பிணத்துக்கும் புகை கூடாது. பனியில் விறைத்துக் கிடந்தான். கிருமி ஒட்டியிருக்கிறதா என்று பிணத்தையும் சோதித்தார் வைத்தியர். ஒன்றுமில்லை என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஊருக்குச் சாம்பல் பெட்டி வந்தது, கூடவே மொஹெய் பங்குக்கு அந்தச் சிகரெட் ஒன்றும். இளவரசர் வருகையின்போது காவல் பணியில் வீரமரணம் என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து தோமி வீட்டு வாசலில் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். அவள் சிகரெட்டைப் பூஜை மாடத்தில் வைத்தாள், பக்கத்தில் இளவரசர் படம். போர் முடிந்து தொராஜி திரும்பியபோது வாசலிலேயே சொன்னாள்: "அவன் இளவரசருக்குக் காவல் நின்னு போனான். நீ கரண்டியோட திரும்பி வந்திருக்க." தொராஜி நடந்ததைச் சொல்லவில்லை. அவளுக்கு மிஞ்சியது அந்தப் பெருமை ஒன்றுதான், அதையும் எதற்குப் பிடுங்குவது என்று என்னிடம் சொன்னான். வருஷக்கணக்காக அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவளுக்குச் சமைத்துப் போட்டான்.

அன்று மதியம் காமதா சும்மா இருக்காமல் அவளை இழுத்தான். "பாட்டிம்மா, நீங்க சொல்லுங்க. இளவரசருக்காகப் புள்ளையக் குடுத்தவங்க நீங்க. ராஜா வீட்டுப் புள்ளைங்க பட்டாளத்துக்குப் போகணுமா, வேண்டாமா?"

தோமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கட்டாயம் போகணும். என் மொஹெய் சாப்பிட்ட பானையில அவரும் சாப்பிட்டாரு. எனக்குன்னு ஒரு உருப்படியான மகனாவது பொறந்தானேன்னு..." என்று சொல்லி அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

தொராஜி கத்தியைப் பலகையில் குத்தினான். "எந்தப் பானைம்மா? எந்தப் பானை?" என்று வெளியே வந்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தீப்பெட்டி, சூளை, புகை, பனியில் கிடந்த பிணம், அதைச் சோதித்துவிட்டு வைத்தியர் சொன்னது. காமதா எழுந்து போகப் பார்த்தான். "உக்காருடா," என்றேன்.

தோமி சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"மொஹெய் பேர் போட்ட பெட்டியில இருந்தது உன்னோடதா?"

"ஆமாம்மா."

"அவனோடதைக் குடுத்திருந்தா?"

தொராஜி கையை இடுப்புத் துணியில் துடைத்தான்.

"ஒண்ணுமில்லன்னு வைத்தியரே சொன்னாரே. அவனோடதைக் குடுத்திருந்தா அடுப்புக்குப் பக்கத்துலேயே படுத்திருப்பான், இல்ல?" கிண்ணத்தைத் தள்ளினாள். "அவரு எங்கேயோ இருந்து பாசமா வந்தாரு. அவருக்கு என்ன தெரியும், பாவம். கொன்னது நீ. இந்தக் கையாலயாடா எனக்கு இவ்வளவு நாளும் சோறு போட்ட?"

அன்றிலிருந்து தோமி அவன் சமைத்ததைத் தொடவில்லை. தனிப் பானை, தனி அடுப்பு. கை நடுங்கிப் பானை தூக்க முடியாமல் போனபோது என் மனைவி கஞ்சி கொண்டுபோனாள். "யார் காய்ச்சினது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். ஒரு நாள் என் மனைவி மனசு கேட்காமல் தொராஜி காய்ச்சியதை எடுத்துப் போனாள். ஒரு வாய் உள்ளே போனதும் மகன் கைப்பக்குவம் தெரிந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த தொராஜியின் கண் முன்னாலேயே துப்பினாள். அடுத்த வாரம் செத்தாள். இளவரசர் படம் கடைசிவரை மாடத்திலேயே இருந்தது, தினமும் தூசி தட்டுவாள்.

அவள் சொல்லி வைத்தபடி அந்தச் சிகரெட்டைச் சவப்பெட்டியில் அவள் நெஞ்சின் மேல் வைத்தோம். சுடுகாட்டுக் கட்டடத்தில் எல்லோரும் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொராஜி மட்டும் வெளியே பனியில் நின்று புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கன்னங்கரேலென்று புகை வந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு புகை பாத்தியாடா," என்றான் தொராஜி. "இன்னிக்கு இந்தப் பக்கம் எந்த இளவரசரும் வரல போல."