மைனியின் அடுப்பும் என் கூலரும்

தாராவியில் எங்களுக்கு ஒரே அறைதான். ஒரு மூலையில் அண்ணன் மனைவி, என் மைனி, கடைகளுக்குப் போட முறுக்கு சுடுவார். எதிர் மூலையில் நான் கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோ எடிட் செய்வேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஓவர்கிளாக் செய்து பிராசஸரின் வேகத்தைக் கூட்டினால், அது சூடேறி அணைந்துவிடும். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனையும் அதன் பக்கமே திருப்பி வைத்திருந்தேன். கையிலிருக்கும் காசுக்கு, பிராசஸர் மேல் பொருத்திக் காற்றை ஊதிச் சூட்டைத் தணிக்கும் கூலர் எது சரிவரும் என்று யூட்யூபில் தேடுவதே என் வேலையாகிவிட்டது.

கடைசியில் பெரிய கூலர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மைனியிடம் படத்தைக் காட்டினேன்.

எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

"பெட்டிக்கு வேர்க்குதுன்னு இத்தன நாளா தேடுதியளே கொழுந்தனாரே, நானும் இதே ரூம்லதான இருக்கேன்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கூலரும் அறையில் இருக்கும் காற்றைத்தானே ஊதும்? அந்தக் காற்றே கொதித்துக்கொண்டிருந்தது.

அதே பணத்தில் ஒரு சின்னக் கூலரும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வாங்கினேன். ஃபேனை அடுப்புக்கு மேலே சுவரில் பொருத்தினேன். மறுநாள் பயந்துகொண்டே வேகத்தைக் கூட்டினேன். கம்ப்யூட்டர் அணையவில்லை.

"இன்னும் ரெண்டு கிலோ மாவு பெசையலாம் போலயே" என்றார் மைனி.

அவரும் வேகத்தைக் கூட்டிவிட்டார்.